சவுண்டு 2 டிபி சேந்துபோச்சு, எப்படி அடுக்கி வைக்கிறது?

2025 ஜனவரி 5, கேள்வி

அண்ணே வணக்கம். நானும் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம்தான், தோட்டத்து வீட்டுல ஒரு ரூமை ஸ்டுடியோ மாதிரி பண்ணி வச்சிருக்கேன். கோயில் பாட்டு, கல்யாண வீடியோ, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா டான்ஸ், இந்த மாதிரி வேலைதான் வருது. வெளி டிஸ்க்ல 2 டிபி கிட்ட சவுண்டு சேந்துபோச்சு. கான்டாக்ட் (பதிவு பண்ண வாத்திய சத்தத்தை, அதாவது சாம்பிளை, வாசிக்க வைக்கிற சாஃப்ட்வேர்) லைப்ரரி, சவுண்ட்ஃபான்ட், சிந்த் பிரீசெட், கூட்டாளிங்க குடுத்த வேவ் ஃபைலுன்னு எல்லாம் கலந்து கெடக்கு. ஒரு புல்லாங்குழல் தேடி எடுக்குறதுக்குள்ள மனசுல இருந்த மெட்டு ஓடிப்போயிடுது. கம்பெனி பேரு வாரியா அடுக்குறதா, வாத்தியம் வாரியா அடுக்குறதா? தைப்பூசத்துக்கு முன்னாடி முடிச்சிடணும்னு பாக்குறேன்.

2025 ஜனவரி 5, ராத்திரி

தம்பி, இன்னிக்கு எந்த ஃபோல்டரையும் நகத்தாதே. மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன்னா கான்டாக்ட்ல நீ திறக்குற என்கேஐ ஃபைல் பெரும்பாலும் சின்னதுதான், சத்தம் அதுக்குள்ள இருக்காது. சத்தம் பக்கத்துல சாம்பிள்ஸ் ஃபோல்டர்ல வேவாவோ என்சிடபிள்யூவாவோ படுத்திருக்கும். எந்த நோட்டுக்கு எந்த சாம்பிள், அது எங்க இருக்குங்கிற விலாசம்தான் என்கேஐ. நீ ஆசைப்பட்டு எல்லா புல்லாங்குழல் என்கேஐயையும் அள்ளி 'புல்லாங்குழல்'னு ஒரு ஃபோல்டர்ல போட்டேன்னா விலாசம் அறுந்துடும், அடுத்த தடவை திறக்குறப்ப சாம்பிள் காணோம்னு ஒரு பொட்டி வந்து நிக்கும், நீ ஒவ்வொண்ணா காட்டிக்கிட்டு உக்காந்திருப்பே. லைப்ரரியை நகத்தணும்னா முழு ஃபோல்டரையும் அப்படியே தூக்கணும், உள்ள ஒரு ஃபைலைக்கூட பிரிக்கக்கூடாது, தூக்கி வச்சப்புறம் கான்டாக்ட்ல பேட்ச் ரீசேவ் ஒரு தடவை ஓட்டிடணும். அப்பதான் விலாசம் புதுசாகும், திறக்குறதும் வேகமாகும்.

அதனால கம்பெனி வாரியா வாத்தியம் வாரியாங்கிற கேள்வியை ரெண்டா பிரிச்சுக்கோ. சவுண்டு எங்க தூங்குதுங்கிறது ஒண்ணு. நீ எங்க தேடுறேங்கிறது இன்னொண்ணு. தூங்குற எடம் கம்பெனி வாரியாவே இருக்கட்டும், அப்பேட் வந்தாலும் மறுபடி எறக்கணும்னாலும் அதான் வசதி. தேடுற எடம் உன்னோடது, உன் வேலைக்கு ஏத்த மாதிரி நீதான் கட்டணும். வீட்டுல அரிசி மூட்டை ஸ்டோர் ரூம்ல இருக்கும், அடுப்பு பக்கத்துல அஞ்சறைப்பெட்டி இருக்கும்ல, அதான். நானும் குறுக்குவழி மட்டும் போட்டு வைக்கிற என் ஃபோல்டருக்கு அஞ்சறைப்பெட்டின்னுதான் பேரு வச்சிருக்கேன், இனிமே இங்க எழுதுறப்பவும் அப்படியே சொல்றேன்.

2025 ஜனவரி 6

விட்டுப்போனது ஒண்ணு. வெளி டிஸ்க்ல வச்சிருக்கேன்னு சொன்னே. விண்டோஸ்ல யுஎஸ்பி மாத்தி சொருகுனா சில நேரம் டிரைவ் எழுத்து மாறிடும், நேத்து இ-யா இருந்தது இன்னிக்கு எஃப் ஆயிடும், உடனே எல்லா லைப்ரரியும் காணாம போன மாதிரி காட்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி அந்த டிஸ்க்குக்கு ஏ பி சி வரிசையில பின்னாடி வர்ற எழுத்து எதையாவது நிரந்தரமா குடுத்துடு. நான் எஸ் குடுத்திருக்கேன். ஃபோல்டர் பேரையும் குட்டையா வை. விண்டோஸ்ல முழுப் பாதைக்கு 260 எழுத்துதான்னு ஒரு பழைய வரம்பு இருக்கு, இன்னும் நெறைய புரோகிராம் அதுலதான் ஓடுது. சாம்பிள் பேருங்க ஏற்கனவே நீளமா இருக்கும், நீ அதுக்கு மேல ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா போட்டா ஒரு நாள் காப்பி பண்றப்ப பாதியில நிக்கும்.

2025 ஜனவரி 9

அஞ்சறைப்பெட்டிக்குள்ள எப்படி பிரிக்கிறதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க.

வாத்தியம் பேரு வச்சு நானும் ரொம்ப காலம் ஓட்டுனேன். அதுல ஒரு குறை உண்டு. பாட்டு போடுறப்ப எனக்கு 'செல்லோ வேணும்'னு தோணுறது கம்மி, 'இந்த எடத்துல கீழ யாராவது தாங்கணும்'னுதான் தோணும். தாங்குறது செல்லோவா இருக்கலாம், ஹார்மோனியமா இருக்கலாம், தம்புராவை ரெண்டு ஆக்டேவ் எறக்குனதா இருக்கலாம், ஒரு சிந்த் பேடா இருக்கலாம். வாத்தியம் வாரியா வச்சா இந்த நாலும் நாலு தெசையில கெடக்கும். வேலை வாரியா வச்சா பக்கத்துல பக்கத்துல நிக்கும், வரிசையா தட்டிப் பாத்து பட்டுன்னு எடுத்துடலாம்.

என் பிரிவு இப்படி. அடின்னு ஒண்ணு, பேஸும் பெரிய தோலும் அதுல. தாளம்னு ஒண்ணு. தாங்கல்னு ஒண்ணு, பேடு ஸ்ட்ரிங்ஸ் சுருதி எல்லாம் இங்க. மெட்டு, அதாவது பாடகர் எடத்துல நிக்கக்கூடிய சவுண்டு, நாதஸ்வரம், வயலின் சோலோ, புல்லாங்குழல், சிந்த் லீடு. அடுத்தது பதில். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான பிரிவு, ஏன்னா நம்ம பாட்டுல பாடகர் ஒரு வரி முடிச்சு மூச்சு வாங்குற எடத்துல ஒருத்தர் பதில் சொல்லியே ஆகணும். அந்த சவுண்டு மெட்டு சவுண்டை விட மெலிசா, சட்டுனு ஆரம்பிச்சு சட்டுனு முடியிறதா இருக்கணும். வீணை, மாண்டலின், ஜலதரங்கம், மரிம்பா, பிச்சிகாட்டோ (விரலால மீட்டுற) ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் பதில்ல போட்டு வச்சிருக்கேன். அப்புறம் மினுக்கு, சலங்கை பெல்லு ஷேக்கர் மாதிரி மேல பளபளன்னு வர்றது. கடைசியா கூட்டம்: கோரஸ், கைத்தட்டு, 'வேல் வேல்' கூவுறது.

ஒரே சவுண்டு ரெண்டு எடத்துல வந்தா வரட்டும். இது குறுக்குவழிதானே, டிஸ்க்ல எடம் பிடிக்காது. கான்டாக்ட்ல குயிக் லோடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல நீயே ஃபோல்டர் உண்டாக்கி என்கேஐயை இழுத்து விடலாம், அங்கேர்ந்து அழிச்சா அசல் ஃபைல் அழியாது. லைப்ரரிஸ் டேப்ல வராத, சின்னச் சின்ன ஆளுங்க பண்ணி விக்கிற லைப்ரரிக்கெல்லாம் அதான் வழி. அந்த மாதிரி லைப்ரரி திறக்க முழு கான்டாக்ட் வேணும், இலவச பிளேயர்ல திறந்தா 15 நிமிஷத்துல டெமோ நின்னுடும், அதையும் பாத்து வாங்கு.

2025 ஜனவரி 10

கேட்டவருக்கு: ஹார்மோனியம் தாங்கலா மெட்டான்னா, உங்க பாட்டுல அது என்ன செய்யுதோ அதுல போடுங்க. பஜனைப் பாட்டுன்னா மெட்டு. எனக்கு ரெண்டுலயும் இருக்கு.

2025 ஜனவரி 15

பொங்கல் வேலை முடிஞ்சு இப்பதான் உக்காந்தேன். பேரு வைக்கிறதைப் பத்தி.

லைப்ரரிக்காரன் வச்ச பேரை மாத்தாதே, அது அவன் விலாசம். நீ சேவ் பண்ற பிரீசெட், மல்டி, டிராக் டெம்ப்ளேட் இதுக்கு மட்டும் உன் பேரு வை. ஃபைல் பேரு ரோமன் எழுத்துலயே இருக்கட்டும், சில பழைய பிளக்-இன் தமிழ் எழுத்தைப் பாத்தா கேள்விக்குறியா காட்டும், திறக்கவும் முடியாம போகும். தமிழ்ல எழுத வேண்டியதை தனியா ஒரு ஷீட்ல எழுதிக்கோ. என் வரிசை: மொத வேலை, அப்புறம் வாத்தியம், அப்புறம் அதோட தன்மை, கடைசியா கட்டை, அதாவது சுருதி.

கட்டை ஏன்னு கேப்பீங்க. நம்மகிட்ட வர்ற நாதஸ்வரம், மகுடி, கொம்பு மாதிரி சாம்பிள் நெறைய ஒரே சுருதியில ஊதி பதிவு பண்ண வாக்கியங்களா இருக்கும். பாரி நாதஸ்வரம் நீளம், கீழ் சுருதி, 2 கட்டை பக்கம் நிக்கும். திமிரி குட்டை, மேல் சுருதி. 2 கட்டையில ஊதினதை 5 கட்டை பாட்டுக்கு இழுத்தா அது நாதஸ்வரமா இருக்காது, பீப்பி ஆயிடும். பாடுற தங்கச்சி வந்து 'அண்ணே நான் ஐந்தரையில பாடுவேன்'னு சொன்னா, ஜி ஷார்ப், உடனே அந்த சுருதிக்கு பக்கத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். கட்டை பேருல இருந்தா தேடுனவுடனே வந்துடும். ஒரு கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி, அரைக்கட்டைங்க நடுவுல வர்ற கருப்புக் கட்டைங்க. மேளக்காரங்க, பாடுறவங்க, கீபோர்டு வாசிக்கிறவங்க எல்லாருக்கும் நம்மூர்ல இதான் பேச்சு, ஷீட்ல எதுக்கு வேற பாஷை.

கீசுவிட்ச் (வாசிக்கிற விதத்தை மாத்துற நோட்டு) எழுதுறப்ப மட்டும் நோட்டு பேரு எழுதாதீங்க, எண் எழுதுங்க. மிடியில, அதாவது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற முறையில, 60-ஆம் நோட்டை கான்டாக்ட்டும், பாட்டு பதிவு பண்ற சாஃப்ட்வேருங்கள்ல கியூபேஸும் சி3-ன்னு காட்டும், ரீப்பர் சி4-ன்னு காட்டும், எஃப்எல் ஸ்டுடியோ சி5-ன்னு காட்டும். ஆனா எதுலயும் 60 அறுபதுதான். ஷீட்ல 'கமகம் 24, நேர் 25, துரிதம் 26'ன்னு எழுதி வச்சா நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்கு போனாலும் செல்லும்.

2025 ஜனவரி 19

தமிழ்ப்பள்ளியில வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா தனியா எழுதியிருந்தார். நம்ம பெரியவங்க தோல், துளை, நரம்பு, கஞ்சம்னு பிரிச்சு வச்சிருக்காங்களே, அதை விட்டுட்டு நீயா எதுக்கு 'மினுக்கு'ன்னெல்லாம் பேரு வைக்கிறேன்னு. நல்ல கேள்விங்கையா, ராத்திரி முழுக்க இதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பிரிவு சத்தம் எதுலேர்ந்து பொறக்குதுன்னு பாக்குது. 1914-ல ஹார்ன்பாஸ்டலும் சாக்ஸும் உலக வாத்தியங்களுக்கு போட்ட பிரிவும் கிட்டத்தட்ட அதே வழிதான், கனப்பொருள், தோல், நரம்பு, காத்து. மின்சாரத்துல பொறக்குற வாத்தியத்துக்கு சாக்ஸ் 1940-ல அஞ்சாவதா ஒரு எடம் சேத்தாரு. கையில இருக்குற சரக்கை பதிவேட்டுல எழுத இது அருமையான முறை, என் ஷீட்ல ஒரு பத்தி இப்ப அதுக்குன்னே சேத்துட்டேன். சொந்தமா பதிவு பண்ண சாம்பிளுக்கெல்லாம் அதை எழுதுறேன்.

ஆனா ஐயா, அதே பெரியவங்க இன்னொரு வழியும் காட்டியிருக்காங்க. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதை உரையில அடியார்க்குநல்லார் தோல்கருவிகளை வரிசையா சொல்லிட்டு, அதோட நிக்காம அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாள்முழவு, காலைமுழவுன்னு பிரிக்கிறாரு. எல்லாமே தோல்தான். எங்க நிக்குது, எதுக்கு உதவுதுங்கிறதை வச்சு பிரிவு. நாள்முழவுன்னா நாழிகை சொல்ற பறை. வேலையை வச்சு பிரிக்கிறது நம்மகிட்ட எப்பவோ இருந்திருக்கு, நான் பண்றதும் அந்த வழிதான்னு நெனைக்கிறப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு.

2025 பிப்ரவரி 2

தம்பி திரும்ப வந்து கேக்குறான், உறுமி எந்த லைப்ரரியில நல்லா இருக்கும்னு. தைப்பூச பாட்டு அவசரம்னு தெரியுது.

வெலைக்கு வர்றதுல தவில், மிருதங்கம், தப்லா ஓரளவு கெடைக்குது. உறுமின்னு போட்டு வர்றது பெரும்பாலும் சில லூப்புதான், அதுவும் நம்மூர் உறுமி மேளத்தோட வேகம் அதுல இல்ல. நம்ம பையனுங்க வாசிக்கிறது தனி, பக்கத்துல பம்பை, தவில், ஜால்ரா எல்லாம் சேந்து ஓடும், காவடி தூக்குறவர் கால் எடுத்து வைக்கிறதைப் பாத்து வேகம் ஏறும் எறங்கும்.

ஒண்ணு சொல்றேன், ஆச்சரியமா இருக்கும். 1991-ல வந்த ஜெனரல் மிடியில, கீபோர்டுங்களுக்கு பொதுவா வச்ச சவுண்டு வரிசை அது, 128 சவுண்டு, அதுல 105 சித்தார், 112 ஷெனாய். நம்ம தாளக் கருவி ஒண்ணுகூட அதோட டிரம் வரிசையில கெடையாது. ஆனா அந்த வரிசையில 78, 79-ஆம் நோட்டுல குயிக்கா இருக்கு, மூடினது ஒண்ணு, திறந்தது ஒண்ணு. குயிக்கா பிரேசில் வாத்தியம், தோலை அடிக்க மாட்டாங்க, உள்ள இருக்குற குச்சியைத் தேச்சு முனக வைப்பாங்க. உறுமியிலயும் எடப்பக்கம் வளைஞ்ச குச்சியால தேய்க்கிறதுலதானே அந்த உறுமல் வருது. அதனால நான் பழைய கீபோர்டு காலத்துலேர்ந்தே உறுமி எடத்தைப் பிடிச்சு வைக்க 79-ஐ அஞ்சு ஆறு நோட்டு எறக்கி போடுவேன். இது உறுமி ஆகாது. ஆனா எங்க தேய்ப்பு வரணும், எங்க வலப்பக்க அடி வரணும்னு கோடு போட்டுக்கலாம், அப்புறம் அசல் ஆளை வச்சு வாசிச்சுக்கலாம். இப்போதைக்கு இதை வச்சு பாட்டை கட்டு.

2025 பிப்ரவரி 13

தைப்பூசம் முடிஞ்சுது. ஈப்போ கல்லுமலை கோயில்ல செவ்வாய்க்கிழமை முழுக்க நின்னேன், காது இன்னும் கூவுது. அங்க கையில ரெக்கார்டர் வச்சு எடுத்தது சாம்பிளுக்கு உதவாது, எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்கிறாங்க, அதை 'கூட்டம்'ல போட்டுட்டேன். அந்த ஃபைல் எனக்கு தங்கம், எந்த கோரஸ் லைப்ரரியிலயும் அந்த 'அரோகரா' வராது.

உறுமியை தனியா பதிவு பண்ணணும்னு ஒரு மேளக் குழுகிட்ட பேசி வச்சிருக்கேன். எப்படி எடுக்குறதுன்னு யோசிச்சு எழுதி வச்சதை இங்கயும் போடுறேன், வேற ஊர்ல யாராவது பண்ணா நல்லது.

வலப்பக்கம் நீளக் குச்சி அடி: மெதுவா, நடுத்தரம், பலமா, ஒவ்வொண்ணுலயும் நாலு அஞ்சு தடவை. ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தா மெஷின்கன் மாதிரி கேக்கும், மாத்தி மாத்தி வரணும். எடப்பக்கத் தேய்ப்பு: இதுக்கு பலம் மட்டும் போதாது, நீளமும் வேணும். குட்டைத் தேய்ப்பு, நீளத் தேய்ப்பு, மேல ஏறுற தேய்ப்பு, எறங்குற தேய்ப்பு தனித்தனி. ரெண்டு கையும் சேந்து வர்றது தனி, ஏன்னா தனித்தனியா எடுத்து சேத்தா அந்த அசல் இழுவை வராது. அப்புறம் முழு நடையா சில, வேகத்தை பேருலயே எழுதி.

நம்மூர் காத்துல ஈரம் ஜாஸ்தி, மழை பெஞ்சா தோல் தொய்ஞ்சிடும். பறை வாசிக்கிறவங்க நெருப்புல காட்டி ஏத்திக்குவாங்கல்ல. காலையில எடுத்ததும் மழைக்கப்புறம் எடுத்ததும் ரெண்டு வாத்தியம் மாதிரி கேக்கும். அதனால ஒரே தடவையா உக்காந்து முடிக்கணும், இல்லன்னா எந்த நேரம்னு பேருல எழுதணும்.

வாசிச்சவங்க பேரு, குழு பேரு, காசு எவ்வளவு பேசினது, எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு ஒத்துக்கிட்டது, இது ஃபோல்டருக்குள்ளயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலா இருக்கணும். இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அந்தப் பையனுங்க செம்பனை வெட்டிட்டு, ஃபேக்டரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து ராத்திரியெல்லாம் பழகி வாசிக்கிறாங்க. அவங்க அடி பாட்டுக்குப் பாட்டு போகும், பேரு மட்டும் டிஸ்க்ல எங்கயும் இருக்காதுன்னா அது தப்பு.

2025 பிப்ரவரி 14

நேத்து எழுதினதோட சேத்து படிங்க: 24 பிட்ல எடுங்க, லெவல் கொஞ்சம் தாழ வச்சே எடுங்க. அப்புறம் எல்லாத்தையும் ஒரே சத்தத்துக்கு நார்மலைஸ் பண்ணாதீங்க. மெதுவா அடிச்சது மெதுவாவே இருக்கணும்.

2025 மார்ச் 8

ஒரு பிரிவை தூக்கிட்டேன், சொல்றேன்.

என் ஷீட்ல 'மனநிலை'ன்னு ஒரு பத்தி வச்சிருந்தேன், சோகம், பக்தி, குத்து, காதல்னு. போன வாரம் ஒரு அம்மாவோட நெனைவு வீடியோவுக்கு மியூசிக் பண்ணேன். சோகம்னு வடிகட்டிப் பாத்தா எல்லாம் அதே டுடுக், அதே மெல்லிசு செல்லோ, அதே பியானோ. ஒண்ணும் அந்தம்மாவுக்கு ஒட்டல. அவங்க பால்மரம் வெட்டுன காலத்துலேர்ந்து தோட்டத்துல எல்லார் வீட்டு விசேஷத்துலயும் முன்னாடி நின்னு பாடுனவங்க. கடைசியில 'பதில்'லேர்ந்து ஒரு சாதாரண மாண்டலின் எடுத்து, வேகத்தை கொறச்சு வாசிச்சேன், கேட்டு வீட்டுல எல்லாரும் அழுதுட்டாங்க. அந்த மாண்டலினை நான் எங்கயும் சோகம்னு எழுதல.

சோகமும் சந்தோஷமும் ராகத்துல, வேகத்துல, யாருக்காக வாசிக்கிறோம்ங்கிறதுல இருக்கு. சவுண்டுக்கு மேல அதை ஒட்டி வச்சா, தேடுறப்ப நம்ம யோசனை அந்த ஒட்டுலயே நின்னுடும். இப்ப அந்த பத்தியில மூணு விஷயம்தான் எழுதுறேன்: ஆரம்பம் கூரா மொழுக்கா, நீளமா குட்டையா, கீழா நடுவா மேலா. காதுல கேக்குறதை மட்டும்.

லைப்ரரிக்காரங்களே போட்டு அனுப்புற டேக் இருக்கு, என்கேஎஸ் மாதிரி. தடுக்கல, புது லைப்ரரி வந்த மொத நாள் சுத்திப் பாக்க உதவும். அதையே நம்பி இருக்க வேண்டாம்.

2025 மார்ச் 22

மெமரி பத்தாம கம்ப்யூட்டர் திணறுதுன்னு ரெண்டு மூணு பேர் எழுதியிருக்கீங்க. எங்கிட்டயும் 16 ஜிபி ரேம்தான்.

அஞ்சறைப்பெட்டியில இருக்குறதை ரீப்பர்ல டிராக் டெம்ப்ளேட்டா சேவ் பண்ணிக்கிறேன். ஒவ்வொரு டெம்ப்ளேட்லயும் சவுண்டு, அதுக்கு நான் எப்பவும் போடுற ஈக்யூ, ரிவர்ப் அனுப்புறது, டிராக் கலரு எல்லாம் சேந்தே இருக்கும். ஒரு தடவை நல்லா வாசிச்சு காது ஒத்துக்கிட்ட நெலமை அப்படியே வந்து உக்காரும். சவுண்டை அடுக்குறதுன்னா ஃபைலை அடுக்குறது மட்டும்னு நெனைக்காதீங்க, இந்த நெலமையை அடுக்குறதுதான் உண்மையான வேலை. வெறும் வயலினை தேடி எடுக்க ஒரு நிமிஷம் போதும், அதை பாட்டுல ஒக்கார வைக்க அரை மணி நேரம் ஆகும்.

கான்டாக்ட் மேல பர்ஜ்னு ஒரு மெனு. எல்லா சாம்பிளையும் பர்ஜ் பண்ணிட்டு சேவ் பண்ணா, திறக்குறப்ப மெமரி கிட்டத்தட்ட எடுக்காது, நீ வாசிக்கிற நோட்டு மட்டும் ஏறிக்கும். மொத தடவை அழுத்துறப்ப ஒரு நொடி சத்தம் வராம போகலாம், அவ்வளவுதான். எஸ்எஸ்டி டிஸ்க் வச்சிருந்தா டிஎஃப்டி பிரீலோடு பஃபரையும் (ஒவ்வொரு சாம்பிளோட ஆரம்பத்தையும் மெமரியில முன்கூட்டி ஏத்தி வைக்கிற அளவு) கொறைக்கலாம், வழக்கமா 60 கேபி நிக்கும், பாதிக்கு கீழ எறக்கிப் பாருங்க, டிக் டிக்னு சத்தம் வந்தா கொஞ்சம் ஏத்துங்க. பழைய சுத்துற டிஸ்க்னா கை வைக்க வேண்டாம். கியூபேஸ் புரோ வச்சிருக்கிறவங்க டிராக்கை டிசேபிள் பண்ணி வைக்கலாம், ரீப்பர்ல எஃப்எக்ஸ் ஆஃப்லைன்.

2025 ஏப்ரல் 20

சாயங்கால இடி ஆரம்பிச்சுடுச்சு. தோட்டத்து வீட்டுல இருக்கிறவங்க பிளக்கை கழட்டிடுங்க, வெளி டிஸ்க்கையும் இன்டர்நெட் ஒயரையும் சேத்து. யுபிஎஸ் இருந்தாலும் கழட்டுங்க.

காப்பி எடுக்குறதுல எதை மொதல்ல எடுக்குறதுன்னு ஒரு வரிசை வேணும், 2 டிபியையும் ரெண்டு மூணு எடத்துல வைக்க நம்ம எல்லார்கிட்டயும் காசு இருக்காது. சொந்தமா பதிவு பண்ணது முதல், அது போனா திரும்ப வராது. அப்புறம் உன் பிரீசெட், டெம்ப்ளேட், ஷீட், சீரியல் நம்பர்ங்க. இது எல்லாம் சேத்தாலும் சின்னதுதான், ஒரு தம்ப் டிரைவுலயும் போட்டு வேற வீட்டுல வை. அடுத்தது, வித்தவன் கடையை மூடிட்டான், இனி எறக்க முடியாதுங்கிற லைப்ரரிங்க. மறுபடி எறக்கிக்கக்கூடிய பெரிய லைப்ரரி எல்லாம் கடைசி. ஆனா தோட்டத்துக்குள்ள லைன் மெதுவா இருக்கிறவங்க அதையும் ஒரு பழைய டிஸ்க்ல வச்சுக்கறது நல்லது, 80 ஜிபி எறக்குறதுக்குள்ள ஒரு திருவிழா முடிஞ்சிடும்.

அழிக்கிறதைப் பத்தியும் கேட்டீங்க. சிந்த் பிரீசெட் ஆயிரக்கணக்குல வச்சிருக்கிறதுல பெருமை இல்ல. நான் என்ன பண்றேன்னா, புதுசா ஒரு பிரீசெட் பேங்க் (தொகுப்பு) வந்தா பாட்டு வேலை இல்லாத ஒரு சாயங்காலம் உக்காந்து கேப்பேன், பிடிச்சதை வேலை வாரியா பெட்டிக்கு ஏத்துவேன், மீதி ஸ்டோர்லயே தூங்கட்டும். பாட்டு நடுவுல புது பேங்க் திறக்கவே மாட்டேன். கேக்குறதையும் பாட்டு போடுறதையும் ஒரே நேரத்துல பண்ணா ரெண்டும் கெடும்.

2025 மே 11

பெந்தோங் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா, இப்பதான் ஆரம்பிக்கிறா, காசு போட முடியாது, கூட்டாளி ஒருத்தர் டிஸ்க் நெறைய கிராக் (திருட்டு) லைப்ரரி தர்றேன்னு சொல்றாராம்.

வாங்காதேம்மா. மொத காரணம், யாரோ ஒருத்தர் உக்காந்து ஒவ்வொரு அடியா பதிவு பண்ண வேலை அது, உறுமிக்கு நான் சொன்னதேதான் அவங்களுக்கும். ரெண்டாவது, அந்த டிஸ்க் வந்தா உனக்கு மொத நாள்லயே இந்த 2 டிபி பிரச்சனை வந்துடும். ஒண்ணும் இல்லாம ஆரம்பிக்கிறது உனக்கு நல்லது. சாம்பிள் வாசிக்கிற ஸ்ஃபோர்ஸாண்டோ, டீசன்ட் சாம்ப்ளர் ரெண்டும் இலவசம். பியானோபுக் வெப்சைட்ல ஆளுங்க வீட்டுல பதிவு பண்ண வாத்தியங்க இலவசமா கெடக்கு. சிந்த்துக்கு வைட்டல் இருக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சவுண்டு, மொத்தம் ஒரு கைப்பிடி, அதை வச்சு நாலு பாட்டு முடிச்சுட்டு எது கொறையுதுன்னு பாரு. கொறையிறதை மட்டும் தேடு.

2025 மே 12

தங்கச்சிக்கு இன்னும் ஒண்ணு. உங்க வீட்டுல அம்மியோ, உலக்கையோ, பித்தளை தாம்பாளமோ இருந்தா ஃபோன்லயே பதிவு பண்ணு. என் 'மினுக்கு'ல எங்க பாட்டி வச்சிருந்த தாம்பாளம் ஒண்ணு இருக்கு, எந்த பாட்டுல போட்டாலும் யாராவது அது என்ன சத்தம்னு கேப்பாங்க.

2025 ஜூன் 1

உறுமி முடிஞ்சுது. குழு பையனுங்க ஞாயித்துக்கிழமை வந்தாங்க, கோயில் பின்னாடி கொட்டாய்ல எடுத்தோம், மழை வரல. வெட்டி அடுக்கி எஸ்எஃப்இசட்ல கட்டியிருக்கேன். ஏன் கான்டாக்ட்ல கட்டலன்னா, எஸ்எஃப்இசட்ங்கிறது வெறும் எழுத்து ஃபைல், நோட்பேட்ல திறந்து எந்த நோட்டுக்கு எந்த வேவ்னு படிச்சு மாத்தலாம், ஸ்ஃபோர்ஸாண்டோ இருந்தா யாரும் வாசிக்கலாம், எந்த கம்பெனி இருந்தாலும் போனாலும் இது திறக்கும். வலப்பக்க அடி 36-லேர்ந்து, தேய்ப்பு 48-லேர்ந்து, ரெண்டு கை சேந்தது 60-லேர்ந்து, நடைங்க 72-லேர்ந்து. ஒவ்வொரு நோட்டும் அடுத்தடுத்து வேற வேற பதிவை எடுக்கும், வேகமா அடிச்சாலும் மெஷின் மாதிரி வராது. ஏறுற தேய்ப்பு மட்டும் இன்னும் திருப்தியா இல்ல, முடிவு சட்டுனு அறுபடுது, அடுத்த வாரம் அதை மட்டும் திரும்ப எடுக்குறோம்.

எல்லாருக்கும் பொதுவா இங்க போட மாட்டேன், குழு பையனுங்க ஒத்துக்கிட்டது தெரிஞ்ச ஆளுங்களுக்கு நேர்ல குடுக்க மட்டும்தான், விக்கக்கூடாது, பாட்டுல அவங்க பேரு வரணும்.

தம்பி, நீ சனிக்கிழமை வா. டிஸ்க்கை என்டிஎஃப்எஸ்ல ஃபார்மேட் பண்ணி எடுத்துட்டு வா. உன்னோடது எக்ஸ்ஃபேட்னு எழுதியிருந்தே, ஜங்ஷன் லிங்க் (ஃபோல்டருக்கு போடுற குறுக்குவழி) அதுல போட முடியாது. உள்ள இருக்குறதை மொதல்ல வேற டிஸ்க்குக்கு மாத்திட்டு ஃபார்மேட் பண்ணு. உன் அஞ்சறைப்பெட்டியை உக்காந்து சேந்தே கட்டுவோம், 'பதில்'லேர்ந்து ஆரம்பிப்போம்.